கண்ணை மூடிக்கொண்ட சௌம்யா

அத்தியாயம் 3

காணாமல் போன சௌம்யாவிடமிருந்து போன வாரம்தான் கடிதம் வந்திருந்தது. அன்னபூர்ணிக்கு அதுதான் இடித்தது. காணாமல் போகிறவர்கள் கடிதம் எழுதுவதே அபூர்வம். அப்படியே எழுதினாலும், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நாள் தவறாமல் எழுத மாட்டார்கள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு அந்த நார்வே அம்மா இங்க வந்து நிப்பா மேடம்," என்றார் பரத்வாஜ். ஏணிப்படி அறக்கட்டளையின் செயலாளர். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. "பேர் இங்க்ரிட். எட்டு வருஷமா சௌம்யாவைப் படிக்க வைக்கறா. கார்த்தால ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலைப் பார்க்க அனுப்பி வச்சிருக்கேன். திரும்பி வந்ததும், எங்கே என் பொண்ணுன்னு கேப்பா. நான் யாரைக் காட்டறது?"

ஏணிப்படியின் பட்டியலில் நானூறு ஏழைப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு புரவலர். ஜூன் மாதம் பை, ஷூ, சீருடை, நோட்டுப் புத்தகங்கள், டியூஷன் எல்லாம் அறக்கட்டளை வழியாகப் போய்விடும். பதிலுக்குப் பிள்ளை மூன்று மாதத்துக்கொரு கடிதம் எழுத வேண்டும். இங்க்ரிட் வருகிறாள் என்று தெரிந்ததும் பரத்வாஜ் நேற்று சௌம்யாவின் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டில் இப்போது ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. பள்ளியில் விசாரித்தால் அறக்கட்டளையின் பேர் கெடும் என்று அங்கே அவர் கேட்கவில்லை.

"கடைக்காரர் சௌம்யாவா இருக்க வாய்ப்பில்லீங்களா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஜடையன். ஹனூர்க்காரன், ஐம்பது வயது, மைசூரில் ஆட்டோ ஓட்டுகிறவன். அன்னபூர்ணியின் உதவியாளர் என்ற பதவியை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளும் மறுக்கவில்லை. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவளுக்கு, எந்தச் சந்துக்கும் பின்வழி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வாய் கூடவே வந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

"கோப்பைக் கொடுங்கோ," என்றாள் அன்னபூர்ணி.

எட்டு வருடக் கடிதங்களின் நகல்கள், எட்டு வருடப் புகைப்படங்கள். முதல் நான்கு வருடக் கடிதங்கள் கன்னடத்தில், கொட்டை கொட்டையான எழுத்தில் இருந்தன. முதல் கடிதத்தில் சௌம்யா கலர் பென்சில் கேட்டிருந்தாள். இரண்டாவதில் சிவப்பு வளையல். மூன்றாவதில் ஓர் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியை நார்வேயிலிருந்து அனுப்ப முடியாது என்று பதில் வந்திருக்கும்போல. அடுத்த இரண்டு கடிதங்களில் வணக்கம்கூட இல்லை.

அதற்கப்புறம் கடிதங்கள் தமிழுக்கு மாறியிருந்தன.

"இது எப்படி மாறித்து?"

"தாய்மொழிப் பற்று," என்றார் பரத்வாஜ், கொஞ்சம் பெருமையாகவே. "சௌம்யா குடும்பம் ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஆண்டறிக்கையில தனியா ஒரு பக்கம் போட்டோம்."

அன்னபூர்ணி தமிழ்க் கடிதங்களைப் புரட்டினாள். நான்கு வருடத்தில் பதினாறு கடிதங்கள். ஒன்றில்கூட ஒரு பென்சில் பெட்டியும் கேட்கப்படவில்லை.

"பதினோரு வயசுலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் ஒண்ணுமே கேக்கலை," என்றாள். "எந்தக் குழந்தையாவது அப்படி இருக்குமா?"

"நல்ல வளர்ப்பு?"

"ரயில்ல நான் பார்க்காத வளர்ப்பு இல்லை சார். குழந்தைன்னா கேக்கும். ஜடையன், இதை வாசிங்க."

ஜடையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தான். "'உங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கும் பனிக்காலத்தில் பிடித்துக்கொள்கிறது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கவும். வெசனப்பட வேண்டாம்.'" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான். "ஏனுங்க, பன்னண்டு வயசுப் புள்ளைக்கு முழங்கால் வலிங்களா? என்ற அத்தை இப்படித்தானுங்க எழுதும். வெசனப்பட வேண்டாம்னு எழுதறதுக்கு மொதல்ல வெசனம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கோணும்."

"விளையாடி அடிபட்டிருக்கும்னு மொழிபெயர்த்தவர் குறிப்பு எழுதியிருக்கார்," என்றார் பரத்வாஜ்.

"நாலு வருஷமாவா?"

பரத்வாஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்னபூர்ணி புகைப்படங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். முதல் நான்கில் பல் விழுந்த ஒரு சிறுமி கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நான்கில் இரட்டைப் பின்னல், சீருடை, புது ஷூ எல்லாம் இருந்தன. நான்கிலும் கண்கள் மட்டும் இறுக மூடியிருந்தன.

"வெயில்," என்றார் பரத்வாஜ்.

"ஒரு தடவை மூடினா வெயில். ரெண்டு தடவை மூடினா ஃபோட்டோகிராஃபர் தப்பு. நாலு தடவை மூடினா அது கொள்கை." கடிதங்களின் கடைசியில் இருந்த ஓவியத்தை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நாலு மணிக்குள்ள வரேன்."

"யாராவது ஏமாத்தியிருந்தா நான் போலீஸ்ல புகார் கொடுத்துருவேன் மேடம். ஸ்கூலுக்கும் எழுதுவேன். அறக்கட்டளை பேர் முக்கியம்."

வெளியே வரும்போது முன்னறையில் ஒரு பெண் உட்கார்ந்து, "தேங்க் யூ மேடம், ஐ லவ் மை ஸ்கூல்," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கால்மேல் கால் போட்டிருந்ததால் ஷூவின் அடிப்பக்கம் தெரிந்தது. அதில் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை. அன்னபூர்ணி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினாள்.

சௌம்யாவின் பள்ளி இருந்த மண்டி மொஹல்லாவுக்குள் ஆட்டோ நுழைந்ததும் வேகம் நடையாகக் குறைந்தது. முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய ஸ்கூட்டர், பின்னால் ஹாரன், இரண்டு பக்கமும் கடைகள்.

"இந்தப் படத்தைப் பாருங்க," என்றாள் அன்னபூர்ணி. "என் பள்ளிக்கூடம்னு தலைப்பு. உங்க கண்ணுக்கு என்ன தெரியறது?"

ஜடையன் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பார்த்தான். "சொவரு. சின்னக் கதவு. ரெண்டு சிலிண்டரு. இவ்வளாம் பெரிய அண்டா ஒண்ணு. ஒரு பூனை."

"என்ன தெரியலை?"

வெங்காய ஸ்கூட்டர் நகர்ந்தது. ஜடையன் படத்தைத் திருப்பிக் கொடுத்தான். "கேட்டு இல்லீங்க. கொடிக்கம்பம் இல்லை. பேர்ப்பலகையும் இல்லை."

"எந்தக் குழந்தை ஸ்கூலை வரைஞ்சாலும் கொடிக்கம்பம் போடும். பென்சில்ல நேர்க்கோடு, போடறது சுலபம். இதை வரைஞ்சவா ஸ்கூலுக்கு முன்வாசல் வழியா வரதே இல்லை."

"அண்டாவை மட்டும் அச்சு அசலாப் போட்டிருக்குதுங்க. அடுக்களைக்காரிங்களா?"

"விசாரிப்போம்."

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை மாணவர் பதிவேட்டைத் திறக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். சௌம்யா நான்கு வருடத்துக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். "யாரும் கேக்கவே இல்லம்மா," என்றார் அவர். "ஏணிப்படி ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஃபோட்டோ எடுப்பார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்த பதிலையும் கடிதத் தாளையும் இந்த மேசையில வச்சுட்டுப் போவார். அப்புறம் எழுதின தாளை எடுத்துட்டுப் போவார். பிள்ளைங்க எழுதறாங்கன்னு நெனச்சேன்."

"இந்த மேசைக்கு வேற யார் வருவா?"

"டீ கொண்டு வர்ற மாதம்மா. பிசியூட்டா, அதான் மதியச் சாப்பாடு, சமைக்கிறவங்க."

ஜடையன் அன்னபூர்ணியைப் பார்த்தான். அன்னபூர்ணி பின்வாசலைப் பார்த்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்து அண்டா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. படத்தில் இருந்த அதே அண்டா. மாதம்மா அதன் அருகே தாழ்வான பலகையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இடது காலை நீட்டியபடி.

ரயிலில் அன்னபூர்ணி கற்றது ஒன்றுதான். டிக்கெட் இருக்கிறவன் பையைத் துழாவுவான். இல்லாதவன் ஜன்னலைப் பார்ப்பான். அவள் ஓவியத்தை நீட்டினாள். மாதம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பூனைக்கு வாலு சரியா வர்லீங்க," என்றாள்.

"நீங்கதான் எழுதினேளா?"

"நாந்தானுங்க. தாளவாடியில அஞ்சாவது வரைக்கும் படிச்சன். தமிழ்தான் எழுத வரும்."

"சௌம்யா எங்கே?"

"அவிய அப்பனாத்தா கூட்டிக்கிட்டுக் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. அந்த நோய்க்காலத்துல இங்க வேலை ஒண்ணுமில்லாமப் போச்சுங்களே, அப்ப. அங்கியும் பள்ளிக்கூடம் இருக்குதுன்னு சொன்னாங்க." அவள் நிறுத்தினாள். "அடுத்த ஜூன்ல பையும் ஷூவும் அவ பேருக்கு வந்து நின்னுச்சு. திருப்பி அனுப்பறதுக்குள்ள பூங்குழலி அதைப் பாத்துட்டா."

"பூங்குழலி யாரு?"

"என்ற கூட இங்க சமைச்சவ மக. ஆத்தா செத்துப்போச்சு, அப்பன் போன எடம் தெரியலை. எங்கூடத்தான் இருக்கறா. படிப்புன்னா உசுரு. ஏணிப்படிக்கு மூணு தடவை மனுப் போட்டனுங்க. வருமானச் சான்று கேட்டாங்க. அதுக்கு ரேஷன் கார்டு கேட்டாங்க. கார்டுல அவ பேரு இல்லை."

"ஏழைன்னு நிரூபிக்கக்கூட வழியில்லாத ஏழை," என்றான் ஜடையன். இந்தத் தடவை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"கடிதத்தை அவளையே எழுதச் சொல்லியிருக்கலாமே?"

"மாட்டேன்னுட்டா. இன்னொருத்தி பேர்ல கையெழுத்துப் போட மாட்டாளாம். ஷூ வேணும், பொய் வேண்டாம்னு நிக்கறா. செரி, அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்னு நானே எழுதினன்." மாதம்மா அண்டாவைப் பார்த்துச் சொன்னாள். "மொதக் கடுதாசி ஷூவுக்காக எழுதினதுதான். அதுக்கு அந்தம்மா பதில் போட்டாங்க. படிக்கட்டு ஏற முடியலைன்னு. எனக்கும் அப்படித்தான்னு எழுதினன், இப்ப எப்படி இருக்குதுன்னு கேட்டாங்க. என்ற முழங்காலைப் பத்தி அதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லீங்க."

அப்போது பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இரட்டைப் பின்னல், கழுத்தில் பத்தாம் வகுப்பு அடையாள அட்டை. அன்னபூர்ணி அவளுடைய திறந்த கண்களை முதன்முதலாகப் பார்த்தாள். அகலமான, கொஞ்சமும் தாழாத கண்கள்.

"ஃபோட்டோவுல கண்ணை மூடிண்டது நீதானே?"

"ஆமா. நிக்கச் சொன்னாங்க, நின்னேன்," என்றாள் பூங்குழலி, கன்னடம் கலந்த தமிழில். "நான் சௌம்யான்னு கேமராவைப் பார்த்துச் சொல்லலை, அல்லவா? அதுக்குத்தான்."

"இவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா ஜட்ஜு எந்திரிச்சு நிப்பாருங்க," என்று ஜடையன் அன்னபூர்ணியின் காதில் சொன்னான்.

மணி மூன்று இருபது. அன்னபூர்ணி இடுப்பில் கைவைத்து நின்றாள். உண்மையைச் சொன்னால் மாதம்மாவின் வேலை போகும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கையில் பூங்குழலியின் டியூஷனும் போகும். பொய் சொன்னால், எட்டு வருடம் உண்மையாகக் கொடுத்த ஒருத்தி ஏமாந்து ஊர் திரும்புவாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நியாயம் பாதிதான் கிடைத்தது.

"ரெண்டு பேரும் ஆட்டோவில ஏறுங்கோ," என்றாள்.

மாதம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். "போலீசுக்குங்களா?"

"உங்க கடுதாசிக்குப் பதில் போட்டவாகிட்ட."

அறக்கட்டளையின் மாடிப்படி இருபத்திரண்டு. மாதம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். மேலே போய்ச் சேரும்போது இங்க்ரிட் வந்துவிட்டிருந்தாள். எழுபது தாண்டிய நெட்டையான பெண்மணி, நெற்றியில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் குங்குமம், ஒரு முழங்காலில் வலிக்குக் கட்டிய பட்டை. அவள் எதிரே, விலைச்சீட்டு ஒட்டிய ஷூவுடன் அந்தப் பெண் கைகூப்பி நின்றிருந்தாள்.

"தேங்க் யூ மேடம்," என்றாள் அவள். "ஐ லவ் மை ஸ்கூல்."

பரத்வாஜ் அன்னபூர்ணியைப் பார்த்ததும் வெளியே இழுத்து வந்தார். மாதம்மாவையும் பூங்குழலியையும் பார்த்தார். அன்னபூர்ணி இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"ஆள்மாறாட்டம்!" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "இப்பவே ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்றேன்."

"பண்ணுங்கோ. ஆள்மாறாட்டம் ரெண்டுன்னு சொல்லுங்கோ. ஒண்ணு இங்க நிக்கறது. இன்னொண்ணு உள்ள கைகூப்பிண்டு நிக்கறது. யார் அது, உங்க அக்கா பொண்ணா?"

பரத்வாஜ் தொலைபேசியைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டார். "தங்கை பொண்ணு," என்றார்.

"பரவால்லீங்க, குடும்பத்துக்குள்ளயே முடிச்சுட்டீங்க," என்றான் ஜடையன்.

அதற்குள் இங்க்ரிட்டே வெளியே வந்துவிட்டாள். பூங்குழலியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பார்வை கீழிறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி நிற்கும் மாதம்மாவிடம் போய் நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அன்னபூர்ணி தமிழில் சொன்னாள்.

"நல்லெண்ணெய் உங்களுக்கு வேலை செய்யறதான்னு கேக்கறா."

மாதம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு தலையாட்டினாள்.

"நான் முப்பத்தெட்டு வருஷம் ஒரு தீவுல வீடு வீடாத் தபால் கொடுத்தவ," என்றாள் இங்க்ரிட், அன்னபூர்ணி வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல. "உறையைத் தொட்டாலே எழுதினது யாருன்னு தெரிஞ்சிடும். மொழி மாறின ரெண்டாவது கடிதத்துலயே இது குழந்தை இல்லைன்னு தெரிஞ்சுது. எந்தக் குழந்தையும் என் காலைப் பத்திக் கேட்டதில்லை. நீங்க யாருன்னு தெரியாமலே நாலு வருஷம் உங்களுக்குத்தான் எழுதிண்டிருந்தேன்."

மாதம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா என்று பார்க்க அன்னபூர்ணிக்கு மனமில்லை. பரத்வாஜ் மட்டும் தெம்பானார். மேடத்துக்குக் கோபமில்லை என்றால் எல்லாம் சரியாகிவிட்டது, பூங்குழலிக்கு அவள் பேரிலேயே புது மனு போட்டுவிடலாம் என்றார். வருமானச் சான்று விதியைத் தளர்த்தக் குழுவில் தானே பேசுவதாகச் சொன்னார். ஒரு படிவத்தைக்கூட எடுத்து வந்துவிட்டார்.

இங்க்ரிட் தலையசைத்தாள். பூங்குழலி பேர் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கையெழுத்தும் போட்டாள். பேனாவை மூடியபிறகு நிமிர்ந்து, இந்தத் தடவை அன்னபூர்ணியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"சரி. ஆட்டுக்குட்டி கேட்டாளே, அவ எங்கே?"

பரத்வாஜ் படிவத்தை மடித்தார்.

அன்னபூர்ணிக்குக் காது சூடாயிற்று. சௌம்யாவைக் கண்டுபிடிக்கத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளோ எழுதினவளைக் கண்டுபிடித்தாள், ஷூவைப் போட்டுக்கொண்டவளைக் கண்டுபிடித்தாள், நடிக்க வந்தவளைக்கூடக் கண்டுபிடித்தாள். சௌம்யாவைப் பற்றி 'குடகுக்குப் போயிட்டாங்க' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் இப்படி ஒரு ரயில் பெட்டியைப் பரிசோதிக்காமல் முழுசாகத் தாண்டிப் போனதில்லை.

"மாதம்மா, அவா நம்பர் இருக்கா?"

"தோட்டத்து மேஸ்திரி நம்பரு ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு வருசத்துக்கு மின்னாடி அந்தப் புள்ளை ஒருக்காக் கூப்பிட்டுச்சு. அப்புறம் இல்லை."

அன்னபூர்ணி அந்த எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. ஒரு கரகரத்த குரல் எடுத்தது. சௌம்யாவா, பெரியவளா, மிளகுக் கொடிப் பக்கம் இருக்கா, கூப்பிடறேன் என்றது. பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டதற்கு, "இங்கேர்ந்து பதினாலு கிலோமீட்டர்ம்மா, யார் போவா?" என்றது. அப்புறம் நாய் குரைக்கும் சத்தமும், செருப்பில்லாத கால்கள் சருகில் ஓடி வரும் சத்தமும் கேட்டன.

"யாரு?" என்றது ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்க.

அன்னபூர்ணிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் தயங்குவதைப் பார்த்துப் பூங்குழலி முன்னால் வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். கன்னடத்தில் பேசினாள்.

"நான் பூங்குழலி. உன் கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல இருந்தேன். நாலு வருஷமா உனக்கு வர்ற ஷூவை நான் போட்டுட்டிருக்கேன். உன்கிட்ட கேக்கலை."

அந்தப் பக்கம் நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"சைஸ் சரியா இருக்கா?" என்று கேட்டாள் சௌம்யா.

"கொஞ்சம் பெரிசு."

"நான் உன்னைவிட வளர்த்தி," என்றாள் சௌம்யா. பிறகு குரல் இறங்கிவிட்டது. "டென்த் எழுதப் போறியா நீ?"

பூங்குழலி தொலைபேசியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சௌம்யா என்ன சொன்னாள் என்று இங்க்ரிட் கேட்டாள். அன்னபூர்ணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். இங்க்ரிட் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு தூரம்?"

"மூணு மணி நேரம்," என்றாள் அன்னபூர்ணி.

பரத்வாஜ் மேசைக்குப் போய் இன்னொரு படிவத்தை எடுத்தார். அன்று அவர் செய்த முதல் உருப்படியான வேலை அதுதான். ஜடையன் ஏற்கனவே படியிறங்கிக்கொண்டிருந்தான். ஆட்டோவில் குடகுக்குப் போனால் முழங்கால் வலி எல்லாருக்கும் வந்துவிடும், மச்சானின் காரைக் கொண்டுவருகிறேன், பத்து நிமிடம் பொறுங்கள் என்று கீழேயிருந்து கத்தினான்.

"நானும் வர்றேன்," என்றாள் பூங்குழலி.

"நாளைக்கு உனக்கு ஸ்கூல் இல்லையா?" என்றாள் அன்னபூர்ணி.

"இருக்கு," என்றாள் அவள். "அவளுக்கும்தான் இருக்கணும்."